ஹிரோஷிமா மக்கள் வரைந்த நினைவுப் படங்கள்



ஆகஸ்ட் மாதம் வந்தால் நம் வளாகத்தில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடக்கும். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, கிரேயான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தேசியக் கொடி வரைவார்கள். பெற்றோர் சுற்றி நின்று மொபைலில் படம் எடுப்பார்கள். தாத்தா பாட்டிகள் ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் கையில் ஒரு கிரேயானைக் கொடுத்து, “நீங்களும் வரையுங்களேன்” என்று யாரும் சொல்வதில்லை.

இந்தக் காலாண்டின் வரலாற்றுக் கட்டுரை, அப்படி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வயதில் இருந்தவர்கள் வரைந்த படங்களைப் பற்றியது. அதற்குப் போட்டி இல்லை, நடுவர் இல்லை, பரிசு இல்லை. வரைந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியம் கற்றவர்களும் அல்லர். ஆனால் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் 20ஆம் நூற்றாண்டின் மிகக் கொடிய நாள்களில் ஒன்றைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்திருப்பது பாதிதான். அந்த நாள் 1945 ஆகஸ்ட் 6. ஊர், ஜப்பானின் ஹிரோஷிமா.

அந்தக் காலை

ஹிரோஷிமா ஒரு கழிமுகத்து நகரம். ஓட்டா ஆறு பல கிளைகளாகப் பிரிந்து நகரின் ஊடே ஓடிக் கடலில் கலக்கிறது. அதனால் நகரம் முழுக்கப் பாலங்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் படங்களில் ஆறும் பாலமும் திரும்பத் திரும்ப வரும்.

அன்று காலை 7.09க்கு விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. 7.31க்கு அபாயம் நீங்கியதாக அறிவிப்பு வந்தது. மக்கள் வெளியே வந்து அன்றாட வேலைகளைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் நகரின் நடுப்பகுதியில் கூடியிருந்தார்கள். குண்டு விழுந்து தீப்பிடித்தால் அது பரவாமல் இருக்க, வீடுகளை முன்கூட்டியே இடித்து வெற்றிடம் உண்டாக்கும் வேலையில் அரசு அவர்களை ஈடுபடுத்தியிருந்தது. 12, 13 வயதுப் பிள்ளைகள்.

8.15 மணிக்கு அமெரிக்க பி-29 விமானம் போட்ட யுரேனியம் குண்டு, தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அப்போது நகரத்தில் சுமார் 3,50,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்பீடு. அதிலும் 10,000 கூடலாம் அல்லது குறையலாம் என்கிறார்கள். குடும்பத்தோடும் பதிவேடுகளோடும் சேர்ந்து எரிந்துபோனவர்களை யாராலும் சரியாக எண்ண முடியவில்லை.

ஐந்தே ஐந்து புகைப்படங்கள்

இவ்வளவு பெரிய பேரழிவுக்குப் புகைப்படச் சான்று எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட காளான் வடிவப் புகைமேகத்தின் படங்கள் இருக்கின்றன. பல நாள்கள் கழித்து எடுக்கப்பட்ட இடிபாடுகளின் படங்களும் நிறைய உண்டு. ஆனால் அன்றைய தினமே நகருக்குள், மனிதர்களுக்கு நடுவே நின்று எடுத்தவை என்று பார்த்தால், யோஷிட்டோ மாட்சுஷிகே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரரின் ஐந்து படங்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அவர் சுகோகு ஷிம்புன் என்ற உள்ளூர் நாளிதழில் வேலை பார்த்தவர். வெடிப்பு மையத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் வீடு. உயிர் பிழைத்த அவர் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மியூக்கி பாலத்தருகே வந்தபோது, எரிந்த தோலோடு மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டார். தொழில்முறைக் கலைஞர்தான். ஆனாலும் அவர்களைப் படமெடுக்க நீண்ட நேரம் கை வரவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் எடுத்தார். பிறகு நகரின் உள்பகுதிக்குப் போய்ப் பார்த்தவற்றைப் படமாக்க அவரால் முடியவே இல்லை.

அதாவது, வெடிப்பு மையத்துக்கு அருகே அந்த முதல் நாளில் என்ன நடந்தது என்பதற்குக் கேமராவின் சாட்சி கிட்டத்தட்ட இல்லை. சாட்சி இருந்தது மனிதர்களின் தலைக்குள் மட்டும்தான்.

இருந்த படங்களும் உடனே மக்களைச் சென்றடையவில்லை. 1945 செப்டம்பரில் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த நேச நாட்டுப் படை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்தது. அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவதும் படம் வெளியிடுவதும் கடினமாயிற்று. ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடிந்தது. அந்த ஆகஸ்ட்டில் அசாஹி கிராஃப் என்ற பட இதழ் அணுகுண்டுப் பாதிப்புக்கு ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தபோதுதான் ஜப்பானியர்களில் பலர் அந்தக் காட்சிகளை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

இதற்கிடையில் ஓவியர்கள் சும்மா இருக்கவில்லை. ஹிரோஷிமாவில் பிறந்த இரி மாருகியும் அவர் மனைவி தோஷியும் குண்டு விழுந்த சில நாள்களில் அங்கே போனவர்கள். 1950இல் அவர்கள் வரைந்து காட்டிய முதல் பெரிய ஓவியத்தில் தொடங்கி, 30 ஆண்டுகளுக்கு மேலாக 15 ஓவியத் தொகுதிகளைப் படைத்தார்கள். கெய்ஜி நகஸாவாவுக்கு அன்று ஆறு வயது. பள்ளி வாசலில் இருந்த சுவர் அவரைக் காப்பாற்றியது. தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் அன்றே இழந்த அவர், அந்த அனுபவத்தை 1973 முதல் ‘வெறுங்கால் கென்’ என்ற படக்கதைத் தொடராக வரைந்தார்.

இவர்கள் எல்லாம் வரையத் தெரிந்தவர்கள். வரையத் தெரியாதவர்களின் நினைவு என்ன ஆனது?

1974: ஒரு முதியவர் கொண்டுவந்த படம்

பலர் வாயே திறக்கவில்லை. அதற்குக் காரணம் துயரம் மட்டுமல்ல. ஜப்பானில் ‘ஹிபாகுஷா’ என்று அழைக்கப்படும் குண்டில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலை கிடைப்பதில் சிக்கல் இருந்தது. கல்யாணப் பேச்சு வரும்போது ‘அந்த வீட்டுப் பெண்ணா, பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ’ என்று பின்வாங்கினார்கள். ஆகவே தாங்கள் அன்று ஹிரோஷிமாவில் இருந்ததையே சிலர் மறைத்தார்கள். சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு.

1974ஆம் ஆண்டு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. ஒரு தொலைக்காட்சித் தொடரை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதன் கதை ஹிரோஷிமா குண்டுவெடிப்போடு தொடர்புள்ளது. அதைப் பார்த்த 77 வயது முதியவர் ஒருவருக்கு, 29 ஆண்டுகளாக மனத்தில் கிடந்த ஒரு காட்சி மேலெழுந்து வந்தது. 1945 ஆகஸ்ட் 6 மாலை சுமார் 4 மணிக்கு யொரொசுயோ பாலத்தருகே தான் பார்த்ததை அவர் ஒரு தாளில் வரைந்தார். மே மாதத்தில் அதை எடுத்துக்கொண்டு நேரே என்.எச்.கே.யின் ஹிரோஷிமா நிலையத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஒற்றைத் தாளைக் கையில் வாங்கியவர்கள் அதை ஒரு முதியவரின் ஆர்வக்கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஒருவர் மனத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு காட்சி இருந்தால் மற்றவர்கள் மனத்திலும் இருக்கும் என்று புரிந்துகொண்டார்கள். நீங்கள் பார்த்ததை, மறக்க முடியாததை, வரைந்து அனுப்புங்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டார்கள்.

படங்கள் வந்து குவிந்தன. சிலர் தபாலில் அனுப்பினார்கள், சிலர் நேரில் கொண்டுவந்தார்கள். 1974, 1975 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்தவை 2,225 படங்கள். அவை ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

எதில் வரைந்திருந்தார்கள் தெரியுமா? பழைய காலண்டரின் பின்பக்கத்தில், விளம்பரத் தாள்களின் மறுபுறத்தில், ஜப்பானிய வீடுகளின் தள்ளுகதவுகளில் ஒட்டும் காகிதத்தில், பேரப்பிள்ளைகளின் வரைதாளில். பென்சில், பால்பாயிண்ட் பேனா, கிரேயான், ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர் என்று கையில் எது கிடைத்ததோ அதில். நல்ல தாளும் நல்ல வண்ணமும் வாங்கி வந்து வரையலாம் என்று காத்திருந்தால் பல படங்கள் பிறந்தே இருக்காது.

படங்களில் என்ன இருக்கிறது?

இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது, அவை வெறும் படங்கள் அல்ல என்பதைத்தான். ஏறக்குறைய எல்லாவற்றிலும் எழுத்து இருக்கிறது. ஓரங்களில், வானத்தில், மனித உருவங்களுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறார்கள். இது எந்தப் பாலம், எத்தனை மணி, இவர் யார், என்ன சொன்னார், நான் எங்கே நின்றேன். கோடு சொல்ல முடியாததை எழுத்தும், எழுத்து சொல்ல முடியாததைக் கோடும் சொல்கின்றன.

இரண்டாவது, வண்ணம். மாட்சுஷிகேயின் படங்கள் கறுப்பு வெள்ளை. தீ என்ன சிவப்பாக இருந்தது, அன்று பெய்த கறுப்பு மழை வெள்ளைச் சட்டையில் எப்படிக் கோடு போட்டது, வெந்த தோல் என்ன நிறமானது என்பதெல்லாம் இந்த மக்களின் நினைவில்தான் இருந்தன. அவர்கள் கிரேயானை அழுத்தித் தேய்த்த இடங்களில் அது தெரிகிறது.

மூன்றாவது, தண்ணீர். எத்தனையோ படங்களில் மனிதர்கள் தண்ணீர் கேட்கிறார்கள். ஆற்றங்கரைப் படிகளில் இறங்குகிறார்கள், ஆற்றில் மிதக்கிறார்கள். அந்தக் காலத்தில் தீயணைப்பதற்காகத் தெருவோரம் சிமெண்டுத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். அந்தத் தொட்டிக்குள் தலை கவிழ்ந்து இறந்தவர்கள், குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்தபடியே தொட்டிக்குள் உயிர்விட்ட தாய் என்று வேறு வேறு கைகள் ஒரே விதமான காட்சியை வரைந்திருக்கின்றன.

இதில் ஒரு செய்தி உங்கள் மனத்தை நிச்சயம் தொடும். தீக்காயம் பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துப்போவார், கொடுக்காதே என்று அப்போது எங்கும் சொல்லப்பட்டது. அதை நம்பி, கெஞ்சியவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நகர்ந்தவர்கள் ஏராளம். கேட்டவர்கள் எப்படியும் இறந்துபோனார்கள். ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருக்கலாமே என்ற எண்ணம் பிழைத்தவர்களை விடவில்லை. இன்றும் ஒவ்வோர் ஆகஸ்ட் 6ஆம் தேதியும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் நடக்கும் அஞ்சலியில், இறந்தவர்களுக்குத் தண்ணீர் படைப்பது ஒரு முக்கியச் சடங்கு. தாகத்தோடு போன உயிருக்கு நீர் வார்க்கும் வழக்கம் உள்ள நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வரைந்தவர்களில் பலர் தங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வரையவில்லை. தாங்கள் கடந்து வந்த ஒருவரை வரைந்தார்கள். இடிபாட்டின் அடியிலிருந்து கூப்பிட்ட குரலை, தீ நெருங்கியதால் விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்த அம்மாவை, பெயர் தெரியாத பள்ளிச் சிறுமியை வரைந்தார்கள். அந்தச் சிறுமி இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே தடயம் அந்தத் தாளாகவும் இருக்கலாம்.

29 ஆண்டு கழித்து வரைந்தால் அது உண்மையா?

வரலாறு படிப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நினைவு மாறும். இடையில் பார்த்த சினிமாவும் படித்த புத்தகமும் அதில் கலந்துவிடும். இரண்டு நாள் பார்த்தவை ஒரே காட்சியாகச் சேர்ந்துவிடும். வரையத் தெரியாத கை, தூரத்தையும் அளவையும் தவறாகக் காட்டும்.

ஹிரோஷிமாவில் இந்தக் கேள்வியை எதிர்கொண்ட முறை எளிமையானது. அருங்காட்சியகம் ஒவ்வொரு படத்தையும் ஓர் ஆவணமாகப் பதிவு செய்கிறது. வரைந்தவருக்கு அன்று என்ன வயது, வரையும்போது என்ன வயது, காட்சி நடந்த இடம் எது, வெடிப்பு மையத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று குறிக்கிறார்கள். இப்படிக் குறித்தால் ஒரே பாலத்தை வரைந்த பலருடைய படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்திருப்பார். ஒரு படம் மட்டும் இருந்தால் அது ஒருவரின் நினைவு. நூறு படங்கள் ஒன்றையே சொன்னால் அதை வரலாறு புறக்கணிக்க முடியாது.

இன்னொரு கோணமும் உண்டு. ஒரு படம் இடத்தைத் தவறாகக் காட்டலாம், ஆனால் இவரால் எதை மறக்க முடியவில்லை என்பதைத் தவறாகக் காட்டாது. அதுவும் வரலாற்றுச் சான்றுதான். அரசுக் கோப்பில் கிடைக்காத சான்று.

படங்கள் போன தூரம்

முதலில் வந்த படங்களிலிருந்து தேர்ந்தெடுத்து என்.எச்.கே. ஒரு புத்தகம் வெளியிட்டது. பிறகு அது ‘மறக்க முடியாத தீ’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. படங்கள் வெளிநாடுகளுக்கும் பயணம் போயின. அமெரிக்காவின் சிகாகோ நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அவற்றைப் பற்றி அறிந்த அயர்லாந்தின் யு2 இசைக் குழு, 1984இல் வெளியிட்ட தன் இசைத்தொகுப்புக்கு அந்தத் தலைப்பையே வைத்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தவர்கள் யாரும் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2002இல் என்.எச்.கே.யும் ஹிரோஷிமா மாநகராட்சியும் சுகோகு ஷிம்புன் நாளிதழும் சேர்ந்து மீண்டும் ஒருமுறை அழைப்பு விடுத்தன. குண்டு விழுந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. இனி யார் வரையப் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் 484 பேர் 1,338 படங்களைக் கொடுத்தார்கள். அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் அழைப்பின்போது வேலை, குடும்பம், ஊர் பேச்சு என்று ஒதுங்கியிருந்தவர்களுக்கு, இனியும் தள்ளிப்போட முடியாது என்ற வயது வந்திருந்தது.

பேரன் பேத்தி வயதினரின் கை

அதற்கடுத்த கட்டம்தான் நம் போன்ற குடியிருப்புகளுக்கு மிகவும் பயன்படக்கூடியது. வயது ஏற ஏற, பலரால் தாங்களே வரைய முடியவில்லை. கை நடுங்கியது, கண் தெரியவில்லை. 2007இல் ஹிரோஷிமாவின் மொட்டோமாச்சி மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். அந்தப் பள்ளியில் ஓவியம் பயிலும் பிரிவு ஒன்று உண்டு. அதன் மாணவர் ஒருவரும், உயிர் பிழைத்த முதியவர் ஒருவரும் இணை சேர்வார்கள். முதியவர் சொல்வார், மாணவர் வரைவார்.

கேட்டு வரைவது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு படத்துக்குப் பல மாதங்கள், சில சமயம் ஓர் ஆண்டு வரை ஆகிறது. மாணவர் முதலில் பென்சிலில் ஒரு வரைவு கொண்டுவருவார். அதைப் பார்த்ததும்தான் முதியவருக்கு மேலும் நினைவு வரும். இல்லை, கை இப்படி இருக்காது. காலில் செருப்பு இல்லை. தீ இவ்வளவு மஞ்சளாக இல்லை என்று திருத்துவார். மாணவர் அக்காலத்து உடைகளையும் வீடுகளையும் தேடிப் பார்த்து, நண்பர்களை அதே நிலையில் நிற்க வைத்து, மீண்டும் வரைவார். மீண்டும் சந்திப்பு, மீண்டும் திருத்தம். இந்தப் பள்ளி மாணவர்கள் இதுவரை வரைந்தவை 200க்கும் மேல். அந்த முதியவர்கள் பிற பள்ளிகளுக்குப் போய்த் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது இந்தப் படங்களைக் காட்டிப் பேசுகிறார்கள்.

இதில் நடப்பது வெறும் படம் வரைதல் அல்ல. ‘அன்று என்ன நடந்தது தாத்தா?’ என்று பொதுவாகக் கேட்டால், பல முறை சொல்லித் தேய்ந்த நாலு வரிதான் பதிலாக வரும். ‘அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?’ என்று கேட்டால், அறுபது ஆண்டுகளாகப் பேசாத விஷயம் வெளியே வரும். வரைகிறவருக்குத்தான் அப்படிப்பட்ட கேள்விகள் தேவைப்படுகின்றன.

நாம் என்ன செய்யலாம்?

ஹிரோஷிமாவின் துயரத்தோடு நம் வாழ்க்கையை ஒப்பிடுவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. ஆனால் அந்த ஊர் மக்கள் கண்டுபிடித்த வழிமுறை எல்லோருக்கும் பொதுவானது. நம் லிஃப்ட்டில் தினமும் நம்மோடு இறங்குகிறவர்களில், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி நேரடியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கலாம். 2004 டிசம்பர் 26 காலை கடற்கரையில் நின்றவர் இருக்கலாம். 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் இரவைக் கழித்தவர்கள் இருக்கலாம். இந்த வளாகம் கட்டப்படுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது, வயலா, தோப்பா, தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடி வடிந்தது என்று பார்த்தவர்கள் அருகிலேயே இருக்கலாம். கடைசியாகச் சொன்னது ஒவ்வொரு மழைக்காலத்திலும் நமக்கு நேரடியாகத் தேவைப்படும் தகவலும்கூட.

அதனால் நம் சங்கத்தில் ஒரு நினைவுப் படத் திட்டத்தைத் தொடங்கலாம் என்ற யோசனையை உங்கள் முன்னும் செயற்குழுவின் முன்னும் வைக்கிறேன். ஹிரோஷிமா அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இவை:

முதலாவது, திறமையைக் கேட்கக் கூடாது. ‘எனக்கு வரைய வராது’ என்பவரின் படம்தான் நமக்கு வேண்டும். குச்சி மனிதர்களாக இருந்தாலும் போதும். போட்டி என்ற பேச்சே வேண்டாம். மதிப்பெண் வந்தால் வராதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, எந்தத் தாளும் சரி. கையில் கிடைத்ததில் வரையட்டும். அளவு, பொருள், வடிவம் என்று விதி போட்டால் அந்த விதியே தடையாகிவிடும்.

மூன்றாவது, படத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆண்டு, காலையா மாலையா, தான் எங்கே நின்றார், அப்போது என்ன வயது. பின்பக்கம் வரைந்த தேதி. இந்த விவரங்கள் இல்லாத படம், 20 ஆண்டு கழித்து யாருடையது என்றே தெரியாத பழைய போட்டோ மாதிரி ஆகிவிடும்.

நான்காவது, வரைய முடியாதவர்களுக்கு ஒரு துணை. 9ஆம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களை ஆளுக்கொரு பெரியவரோடு இணைக்கலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நாலைந்து சந்திப்புகள் நடக்கட்டும். பிள்ளை தன் கற்பனையில் அழகாக்கிவிடாமல், பெரியவர் ‘ஆமாம், இப்படித்தான்’ என்று சொல்லும்வரை திருத்தட்டும்.

ஐந்தாவது, யாரையும் வற்புறுத்தக் கூடாது. துயரமான நினைவை வரைவது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு மீண்டும் ஒரு காயம். 1974இல் வராத பலர் 2002இல்தான் வந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம்’ என்று கதவைத் திறந்து வைப்பதே போதும். சந்தோஷமான நினைவுகளுக்கும் அங்கே அதே இடம் உண்டு.

ஆறாவது, பாதுகாப்பு. படத்தை ஸ்கேன் செய்து சங்கத்தின் கணினியில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி. மூலத்தை வரைந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த மின்னிதழில் வெளியிடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சில மேசைகள், கொஞ்சம் தாளும் கிரேயானும், காபி. சங்க அலுவலகத்தில் படங்களை வாங்கி வைக்க ஓர் அட்டைப்பெட்டி. நம்மில் யாராவது இரண்டு பேர் பொறுப்பேற்றுக்கொண்டால் அடுத்த இதழுக்குள் முதல் சில படங்கள் வந்துவிடும்.

தள்ளிப்போட முடியாத ஒரே விஷயம் காலம்தான். ஜப்பானில் அணுகுண்டில் பாதிக்கப்பட்டவர்களாக அரசு அங்கீகரித்திருப்போரின் எண்ணிக்கை, 2025 மார்ச் இறுதியில் முதன்முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. அவர்களின் சராசரி வயது 86ஐத் தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்களுடைய கூட்டமைப்பான நிஹோன் ஹிதான்கியோ அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. பரிசைக் கேட்டு மகிழ வேண்டியவர்களில் பலர் அப்போது உயிருடன் இல்லை. ஆனால் அவர்கள் வரைந்து கொடுத்த படங்கள் இருக்கின்றன. 1974இல் அந்த 77 வயதுக்காரர், ‘என் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருந்தால் அவற்றில் எத்தனை பிறந்திருக்கும் என்று சொல்வது கடினம்.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு தாளையும் பென்சிலையும் அவர் பக்கத்தில் வையுங்கள். ‘நீங்கள் பிறந்த வீட்டின் வாசலை வரைந்து காட்டுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். மற்றவை தானாக வரும். வந்ததை எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.